கல்லடிக் காற்றும் என் கருவிப் பெட்டியும்: வீட்டில் ஒரு மவுண்டன் பைக் பராமரிப்பு

மட்டக்களப்பில், ஆயித்தியமலையைத் தாண்டி உன்னிச்சைக் குளத்துக்குப் போகிற கிரவல் வீதியில், ஒரு சின்ன ஏற்றத்தில் என் சைக்கிளின் செயின் அறுந்தது. ஆடி மாதம். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எழுந்து நின்று மிதித்த கால் சட்டென்று கீழே போய், முழங்கால் ஹாண்டிலில் மோதியது. திரும்பிப் பார்த்தால் செயின் புழுதிக்குள் கிடக்கிறது. என்னிடம் ஒரு தண்ணீர்ப் போத்தலும் கைத்தொலைபேசியும் தவிர வேறொன்றும் இல்லை. நெடுநேரம் உருட்டிக்கொண்டு நடந்த பிறகு, வைக்கோல் ஏற்றி வந்த லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) காரர் ஒருவர் சைக்கிளையும் என்னையும் ஏற்றி வவுணதீவில் இறக்கிவிட்டார். வலையிறவுப் பாலத்தைக் கடந்து வீடு வந்து சேரும்போது பொழுது பட்டுவிட்டது.

அந்த நாளுக்குப் பிறகுதான் கருவி சேர்க்கத் தொடங்கினேன்.

சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 2022 இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் வாங்கிய பழைய வண்டி இது. 26 அங்குலச் சில்லு, அலுமினியச் சட்டகம், முன்னுக்கு சஸ்பென்ஷன், முன்னே மூன்றும் பின்னே எட்டுமாகப் பற்சில்லுகள், கம்பியால் இழுபடும் டிஸ்க் பிறேக். மட்டக்களப்பில் மலை எங்கே இருக்கிறது, இதெதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கம் ஒருநாள் போய்வந்தால் விளங்கும். தார் முடிகிற இடத்தில் கிரவல் தொடங்குகிறது, கிரவல் முடிகிற இடத்தில் வயல் வரம்பும் மணலும். ஒடுங்கிய ரயர் அங்கே புதையும். அகன்ற ரயர் மிதந்து போகும்.

என் வீடு கல்லடியில் இருக்கிறது. இரவில் கடல் இரைவது கேட்கும் தூரம். மவுண்டன் பைக்குக்கு என்னென்ன கருவி வேண்டும் என்று தேடினால் கிடைக்கிற பட்டியல்கள், மலையில் இறங்கி ஏறி ஓட்டுகிறவர்களுக்கானவை. சஸ்பென்ஷனுக்குக் காற்றடிக்கும் பம்பும், பிறேக் எண்ணெய் மாற்றும் ஊசியும் அவற்றில் முன்னுக்கு நிற்கும். எங்கள் ஊரில் சைக்கிளைத் தின்பது உப்பும் மணலும். அதனால் இங்கே வாங்கவேண்டிய வரிசையே வேறு என்பது என் முடிவு. எது முதலில் கறள் பிடிக்கிறதோ, எது முதலில் இறுகிப்போகிறதோ, அதைக் கழற்றுகிற கருவிதான் முதலில் வரவேண்டும்.

அறுந்த செயினுக்கு வருகிறேன். நகரத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். ஆணியை வைத்துச் சுத்தியலால் தட்டி, கண்ணிகளைக் கோக்கும் பழைய முளையை வெளியே எடுத்து, அதையே திரும்ப அடித்து இறுக்கித் தந்தார்கள். எட்டாம் நாள் அதே கண்ணியில் திரும்பவும் அறுந்தது. பழைய ஒற்றைப் பற்சில்லு சைக்கிளின் தடித்த செயினுக்கு அந்த வேலை தாங்கும். கியர் சைக்கிளின் செயின் மெல்லியது. முளையைச் சரித்துத் தட்டினால் பக்கத் தகட்டின் துளை விரிந்துவிடும், பிறகு அது முளையை இறுக்கிப் பிடிக்காது. அதனால் நான் வாங்கிய முதல் கருவி செயின் கழற்றி. உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான். திருகத் திருக முளையை நேராகத் தள்ளும். அதோடு எட்டுக் கியர் செயினுக்குரிய இணைப்புக் கண்ணி இரண்டு. இது இருந்தால் முளையைத் திரும்ப அடிக்கத் தேவையில்லை. பழுதான கண்ணியை நீக்கிவிட்டு, இணைப்புக் கண்ணியின் இரு பாதியையும் கோத்து, பின் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை ஒருதரம் அழுத்தினால் ‘கிளிக்’ என்று பூட்டிவிடும். கழற்றுவதற்கென்று ஒரு குறடு விற்கிறார்கள். நான் சப்பாத்துக் கயிற்றை அந்தக் கண்ணிக்குள் சுற்றி இரு முனையையும் இழுத்துக் கழற்றுகிறேன்.

இரண்டாவது கருவி உருக்கு அடிமட்டம். இதைக் கருவியென்று யாரும் எண்ணுவதில்லை, ஆனால் என் பெட்டியில் அதிகம் உழைப்பது இதுதான். சைக்கிள் செயினில் ஒரு முளைக்கும் அடுத்த முளைக்கும் இடையே சரியாக அரை அங்குலம். அப்படியானால் 24 இடைவெளிக்கு 12 அங்குலம். ஒரு முளையின் நடுவில் பூச்சியத்தை வைத்து, 24 இடைவெளி தள்ளியுள்ள முளை எங்கே நிற்கிறதென்று பார்க்கவேண்டும். 12 அங்குலத்தைத் தாண்டி ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு வந்துவிட்டால் செயினை மாற்றும் நேரம். எட்டில் ஒரு பங்கு வந்துவிட்டால் பின் பற்சில்லுகளும் தேய்ந்திருக்கும், புதுச் செயின் அவற்றில் வழுக்கும். நான் அளந்த அன்று எட்டில் ஒன்றையும் கடந்து நின்றது. ஆக, செலவு இரண்டுக்கும்.

செயின் நீண்டுவிட்டது என்று சொல்லுவோம், உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. முளையும் அதைச் சுற்றியுள்ள பகுதியும் ஒன்றையொன்று அரைத்துத் தேய்கின்றன. அந்த அரைப்புக்கு மாவு கொடுப்பது எங்கள் மணல். ஒயிலில் நனைந்த செயினில் கடற்கரை மணல் ஒட்டினால் அது தேய்க்கும் பசையாகிவிடும். பலர் வாகனத்தின் எரிஞ்ச ஒயிலைச் செயினுக்கு ஊற்றுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதில் ஏற்கெனவே கரியும் உலோகத் துகளும் இருக்கின்றன. நான் செய்வது இது: பழஞ்சீலையில் கொஞ்சம் மண்ணெண்ணெய் நனைத்து, செயினைச் சீலைக்குள் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கம் சுற்றுவேன். சீலை கறுப்பாகாத வரைக்கும் இடம் மாற்றி மாற்றித் துடைப்பேன். மண்ணெண்ணெய் நன்றாக உலர்ந்த பிறகு ஒவ்வொரு உருளையிலும் ஒரு துளி ஒயில். பத்து நிமிடம் விட்டு, வெளியே நிற்கிற ஒயில் முழுவதையும் திரும்பத் துடைத்துவிடுவேன். உள்ளே போனது போதும், வெளியே இருப்பது மணலைத்தான் கூட்டிவரும். கச்சான் காலத்தில் தையல் மெஷின் ஒயில் மாதிரி மெல்லியதே சமாளிக்கும். மார்கழி மழையில் அது ஒரே ஓட்டத்தில் கழுவுப்பட்டுப் போகும், அப்போது செயினுக்கென்றே விற்கும் தடித்த ஒயில்தான் நிற்கும்.

பின் பற்சில்லைக் கழற்ற இரண்டு கருவி வேண்டும்: பூட்டு வளையத்தைத் திருப்பும் பல்லுள்ள குமிழ், பற்சில்லு சுற்றாமல் இழுத்துப் பிடிக்கும் செயின் சாட்டை. குமிழை வாங்கினேன். சாட்டையை நானே செய்தேன். ஓர் அடி நீளப் பட்டை இரும்பில் இரண்டு துளை போட்டு, அந்தத் தேய்ந்த செயினிலேயே ஒரு துண்டை வெட்டிப் பொருத்தினேன். வாங்கும் முன் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பின்னுக்கு இருப்பது பூட்டு வளையம் பிடிக்கும் கசெற்றா, இல்லை திருகிப் பூட்டும் ஃப்ரீவீலா? இரண்டுக்கும் குமிழ் வேறு. பெடலைப் பின்பக்கம் சுற்றிப் பாருங்கள். குமிழ் உட்காரும் பல்லுள்ள பகுதி பற்சில்லுகளோடு சேர்ந்து சுற்றினால் கசெற், அது அசையாமல் நிற்கப் பற்சில்லுகள் மட்டும் சுற்றினால் ஃப்ரீவீல்.

இனி, என்னை அதிகம் வருத்திய வேலை.

மாரி முடிந்து, தை மாதத்தில் மிதிக்கும்போதெல்லாம் ‘கிறீச், கிறீச்’ என்று ஒரு சத்தம். பெடலாக இருக்குமென்று பெடலைக் கழற்றிக் கிறீஸ் பூசினேன். 15 மில்லிமீற்றர் ஸ்பனர், இடப்பக்கப் பெடலுக்கு எதிர்ப்பக்கம் திருப்பிக் கழற்றும் மாறி மரை என்பது எனக்குத் தெரியும். சத்தம் நிற்கவில்லை. பெடல் பூட்டும் கைகளான இரண்டு கிராங்கையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் இலேசாக ஆடுகிறது, இரண்டும் ஒன்றாகவே ஆடுகின்றன. அப்படி ஆடினால் பழுது கிராங்கில் இல்லை, இரண்டு கிராங்கையும் இணைக்கும் நடு அச்சின் பெயாரிங்கில்.

கிராங்க் கழற்றியும் நடு அச்சைச் சட்டகத்தில் திருகிப் பிடிக்கும் கப்பைத் திருப்பும் 20 பல்லுக் குமிழும் வாங்கினேன். கிராங்க் கழற்றியில் ஒரு கவனம். முதலில் கிராங்கின் நடுப் போல்ட்டையும் வோசரையும் முழுதாக எடுத்துவிடவேண்டும். பிறகு கழற்றியைக் கையாலேயே கடைசி மரை வரைக்கும் உள்ளே திருகவேண்டும். பாதி மரையில் நிற்கும்போதே ஸ்பனரை வைத்து இழுத்தால் அலுமினிய மரை பிய்ந்து வரும், பிறகு அந்தக் கிராங்கை வெட்டித்தான் எடுக்கவேண்டும்.

கிராங்க் இரண்டும் வந்தன. இடப்பக்கக் கப்பும் வந்தது. வலப்பக்கம் அசையவில்லை. எந்தப் பக்கம் திருப்புவது என்ற குழப்பத்தில் அவசரப்பட்டு இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தேன், குமிழ் வழுக்கிப் பல்லில் ஒரு சிராய்ப்பு விழுந்தது. அங்கேயே நிறுத்திவிட்டு, எங்கள் சந்தியில் நாற்பது வருடத்துக்கு மேல் சைக்கிள் திருத்திய ஐயாவிடம் போனேன். கடையை விட்டுவிட்டார், திண்ணையில் இருந்தார்.

“மனே, அந்தப் பக்கம் மாறி மரை. மணிக்கூடு ஓடுற பக்கமாச் சுத்தினாத்தான் கழரும். நீ இறுக்கிப்போட்டு வந்திருக்கா.”

“ஏன் ஐயா அப்படி வெச்சிருக்காங்க?”

“மிதிக்க மிதிக்கத் தானாக் கழராம இருக்கத்தான். அவசரப்படாத. ஒயில விட்டுப்போட்டு ஒரு ராவு விடு. பிறகு சுடுதண்ணி ஊத்து.”

அவர் சொன்ன காரணம் சரியானது. அச்சு ஒரு பக்கம் சுற்றும்போது, உள்ளே உருளும் குண்டுகள் கப்பை மெல்ல மெல்ல எதிர்ப்பக்கம் தள்ளும். வலப்பக்கத்தில் சாதாரண மரை இருந்தால் ஓட ஓட அது கழன்று வந்துவிடும்.

சுடுதண்ணீரின் கதையும் அப்படித்தான். கப் உருக்கு, சட்டகம் அலுமினியம். சூடேறினால் அலுமினியம் உருக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இடையில் உப்புநீர் புகுந்தால் இரண்டு உலோகமும் சேர்ந்து அரிப்பை உண்டாக்கும். மரை விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது அந்த அரிப்பில் உண்டான அலுமினியத் துகள்தான். இறுக்கிப் பிடித்திருந்ததும் அதுவே.

முதல் நாள் பின்னேரம் ஒயில் விசிறி, சைக்கிளை வலப்பக்கம் மேலே வரச் சாய்த்து விட்டேன். இரண்டாம் நாள் திரும்பவும் விசிறி, குமிழை வைத்து, கிராங்க் போல்ட்டில் ஒரு பெரிய வோசரைப் போட்டு அச்சோடு சேர்த்துக் குமிழை இறுக்கினேன். இதுதான் முக்கியம். இப்படி இறுக்கிவிட்டால் எவ்வளவு பலமாக இழுத்தாலும் குமிழ் வழுக்காது. அன்றும் அசையவில்லை. மூன்றாம் நாள் ஒரு கேத்தில் கொதிநீரைச் சட்டகத்தின் மேலே மெல்ல ஊற்றி, ஸ்பனரின் பிடியில் இரண்டடி இரும்புக் குழாயைக் கோத்து, மணிக்கூடு ஓடுகிற பக்கம் என் முழுப் பாரத்தையும் கொடுத்தேன். ‘டக்’ என்றொரு சத்தம். ஸ்பனர் உடைந்துவிட்டதென்று நினைத்தேன். கப் கால்வாசி திரும்பியிருந்தது.

வெளியே எடுத்தபோது ஒரு தேக்கரண்டி அளவு மண்ணிறத் தண்ணீரும் மணலும் வந்தன. அந்தத் தண்ணீர் சீற் குழாய் வழியே இறங்கியது. மழையில் சைக்கிளை வெளியே விட்டால் அங்கேதான் போய்த் தேங்கும். சட்டகத்தின் அடியில் வடியவென்று ஒரு சின்னத் துளை வைத்திருக்கிறார்கள், என்னுடையதில் அது சேற்றால் அடைபட்டிருந்தது. ஈர்க்கில் விட்டுக் குத்தித் திறந்தேன். உங்கள் சைக்கிளைத் தலைகீழாக வைத்து அந்தத் துளையை ஒருதரம் பாருங்கள்.

புது அச்சு வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோனேன். சட்டகத்தில் அச்சு உட்காரும் குழாயின் அகலம் 68 மில்லிமீற்றர், அச்சின் நீளம் 122.5 என்று பழையதிலேயே பொறித்திருந்தது. இந்த இரண்டு எண்ணும் பொருந்தவேண்டும். மரை முழுவதும் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, கிறீஸைத் தாராளமாகப் பூசிப் பூட்டினேன். அன்றிலிருந்து என் வீட்டில் கிறீஸ் டப்பாவும் ஒரு கருவிதான். வருடத்துக்கு ஒருதரம், மாரி தொடங்கும் முன், சீற் குழாயையும் பெடல்களையும் ஹாண்டில் போல்ட்டுகளையும் கழற்றிக் கிறீஸ் பூசித் திரும்பப் பூட்டுகிறேன். பழுது இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. கடலோரத்தில் ஒரு போல்ட்டை இரண்டு வருடம் தொடாமல் விட்டால் அது சட்டகத்தோடு ஒட்டிப்போகும்.

போல்ட் என்றதும் அலன் கீ. 2 இலிருந்து 8 மில்லிமீற்றர் வரையுள்ள ஒரு செற். இதில் காசு மிச்சம் பிடிக்கவேண்டாம். மலிவான கீயின் முனை உருண்டுவிடும், அதோடு போல்ட்டின் குழியையும் உருட்டிவிடும். 4, 5, 6 இந்த மூன்றுக்கும்தான் பாதி வேலை. டிஸ்க் தட்டின் போல்ட்டுகளுக்கு நட்சத்திர முனையுள்ள டி25.

எவ்வளவு இறுக்குவது என்பது அடுத்த கேள்வி. ஹாண்டிலைப் பிடிக்கும் போல்ட்டில் 5 நியூற்றன் மீற்றர் என்று எழுதியிருக்கும். அதை அளக்கும் ஸ்பனர் விலை கூடியது. மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசு எங்கள் வீட்டில் இருந்தது. போல்ட்டிலிருந்து சரியாகப் பத்து சென்ரிமீற்றர் தள்ளி அலன் கீயில் ஓர் அடையாளம் கீறி, அந்த இடத்தில் தராசின் கொழுக்கியை மாட்டி, கீக்குச் செங்குத்தாக இழுக்கவேண்டும். தராசு 5 கிலோ காட்டும்போது இறுக்கம் ஏறக்குறைய 5 நியூற்றன் மீற்றர். கசெற் பூட்டு வளையத்துக்கு 40 கேட்பார்கள். ஸ்பனரில் 25 சென்ரிமீற்றரில் மாட்டி 16 கிலோ இழுத்தால் கிட்டத்தட்ட அது வரும். இந்த முறை முதல்தரம் செய்யும்போது, என் கை ‘கொஞ்சமாக’ என்று நினைத்து இறுக்கிவந்தது உண்மையில் ஏழு கிலோவுக்கு மேல் என்று தெரிந்தது.

ஒட்டுப் போடுவது எல்லாருக்கும் தெரிந்த வேலை, சுருக்கமாகச் சொல்கிறேன். பிளாஸ்ரிக் நெம்பி இரண்டு, அரத்தாள், சொலூசன், ஒட்டுத் துண்டு, பம். திருப்புளியால் ரயரைக் கிளப்பவேண்டாம், ரியூப்பில் இரண்டாவது ஓட்டை விழும். ஓட்டையைக் கண்டுபிடித்த பிறகு ரியூப்பை ரயரோடு பொருத்திப் பார்த்து, ரயரின் உட்பக்கத்தில் அதே இடத்தில் பஞ்சால் தடவுங்கள். முள் இன்னும் அங்கே நின்றால் பஞ்சு சிக்கும். எங்கள் பக்கத்து நெருஞ்சி முள் ரயருக்குள் முறிந்துபோய் வெளியே தெரியாமல் நிற்கும். சொலூசனைப் பூசிய கையோடு ஒட்டை அமத்தக்கூடாது. பளபளப்புப் போய், விரல் வைத்தால் ஒட்டாத நிலை வரும் வரைக்கும் விடவேண்டும். நான் அந்த ஐந்து நிமிடத்தைப் பொறுக்காமல் போட்ட ஒட்டுத்தான் கொக்கட்டிச்சோலை வீதியில் கழன்றது.

பம் வாங்கும்போது வால்வைப் பாருங்கள். வீட்டில் இருந்த பழைய பம், சாதாரண சைக்கிளின் ரப்பர் வால்வுக்கானது. என்னுடையதில் மோட்டார் சைக்கிள் மாதிரி வால்வு, அதில் பொருந்தவில்லை. காற்று அளவு ரயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கும், அந்த எல்லைக்குள் நிற்கவேண்டும். தாரில் 45 பி.எஸ்.ஐ. அளவில் ஓடுகிறேன், படுவான்கரைக் கிரவலுக்கு 32 ஆகக் குறைத்துக்கொள்கிறேன். மானியுள்ள நிலப் பம் இல்லாமல் இந்த வித்தியாசம் கைக்குத் தெரியாது.

டிஸ்க் பிறேக்குக்கு ஒரே விதி: தட்டிலும் பிறேக் கட்டையிலும் ஒயில் படக்கூடாது. செயினுக்கு ஒயில் விசிறினால் அதுவும் பறந்து போய்ப் படும், அதனால்தான் துளித் துளியாக விடச் சொன்னேன். தட்டைச் சுத்தமான சீலையும் ஸ்பிரிற்றும் கொண்டு துடைத்தால் சரி. கியருக்கு ஒரு நல்ல கூட்டல்குறி முனைத் திருப்புளியும், கம்பி வெட்டும் கூரான குறடும். மழுங்கிய குறட்டால் வெட்டினால் கம்பி நூல் நூலாகப் பிரிந்து உறைக்குள் போகாது. சில்லு நெளிந்தால் ஸ்போக் சாவி. சில்லைக் கழற்றாமல், சட்டகத்தில் ஒரு பிளாஸ்ரிக் கட்டுநாடாவைக் கட்டி அதன் வாலை றிம்மோடு ஒட்ட வெட்டிவிட்டால், சுற்றும்போது எங்கே உரசுகிறதென்று காட்டும். அந்த இடத்து ஸ்போக்கைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தரத்தில் திருப்பாதீர்கள்.

சைக்கிள் தாங்கி வாங்கவில்லை. விறாந்தை வளையில் இரண்டு நைலோன் கயிறு, ஒன்று சீற்றுக்கு, ஒன்று ஹாண்டிலுக்கு. தோணி கட்டும் அதே கயிறு. என் நெஞ்சு உயரத்தில் தொங்குகிறது, பெடலைத் தாராளமாகச் சுற்றலாம்.

கருவிகளும் கறள் பிடிக்கும், அதை மறக்கக்கூடாது. முதல் மாரியில் அலன் கீ முழுவதும் செம்மண் நிறமாகிவிட்டது. இப்போது இறுக்கி மூடும் பிஸ்கட் தகரத்துக்குள், ஒயில் தொட்ட சீலையில் சுற்றி வைக்கிறேன். வேலை முடிந்ததும் ஒவ்வொன்றையும் துடைத்துத்தான் உள்ளே போடுவேன், வியர்வையிலும் உப்பு இருக்கிறது. சீற்றுக்குக் கீழே தொங்கும் சின்னப் பைக்குள் செயின் கழற்றி, இணைப்புக் கண்ணி, நெம்பி, ஒட்டு, 4, 5, 6 அலன் கீ, ஒரு ரியூப். சட்டகத்தில் கட்டிய கைப் பம். உன்னிச்சைக்கு அதன் பிறகு பலதரம் போய்வந்துவிட்டேன்.

இப்போது முன் சில்லு விறாந்தையில் கழற்றிக் கிடக்கிறது. அச்சை விரலால் சுற்றினால் மணல் நெரிகிற மாதிரி ஓர் உணர்வு. குண்டுகளை அச்சில் அமத்தி வைக்கும் கூம்பைப் பிடிக்க 13 மில்லிமீற்றர் மெல்லிய ஸ்பனர் வேண்டும். சாதாரண ஸ்பனர் தடித்தது, இடைவெளிக்குள் போகாது. கொழும்பிலிருந்து வரவேண்டியிருக்கிறது. வரும்வரைக்கும் புதுக் குண்டுகளையும் கிறீஸையும் ஒரு சின்னப் போத்தல் மூடியில் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.